ஏழு சிவப்பில் ஒன்று

கொழும்பில் எடுத்த என் மனைவி கண்ணகையின் மூளைப் படத்தில் ஏழு இடம் சிவந்திருந்தது. படத்தைத் தந்தவர், டொக்டரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார். எங்கள் ஊர் பழுகாமத்துக்கு வந்ததும் என் மச்சான் யோகராசா அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான்.

"ஏழு இடத்தில நெருப்புப் பத்தியிருக்கு மச்சான். எந்த டொக்டர் இதில கை வைப்பான்?"

கண்ணகை அவனுக்குச் சோறு போட்டாள். போர்க்காலத்தில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்து தலை அடிபட்ட நாளிலிருந்து அவளுக்கு வலிப்பு. மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் வலிப்பென்றால் அந்த இடத்தை வெட்டி எடுக்கலாம், பல இடமென்றால் முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தனியே தோணி வலித்து வாவியைக் கடந்தவளை நாங்கள் கரைப்பக்கமே விடுவதில்லை.

படத்தோடு மட்டக்களப்புக்கு, டொக்டர் சபீனாவிடம் போனோம். ஏறாவூர்ப் பிள்ளை. என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏழு இடம் டொக்டர்," என்றேன்.

"இருங்க அண்ணன். இது சின்ன வித்தியாசத்தையும் விடாமக் காட்டுற படம். கம்பியூட்டர் இவங்கட மூளையை ஆயிரமாயிரம் துண்டாப் பிரிச்சி, ஒவ்வொண்டையும் நோயில்லாத ஆக்கள்ட மூளையோட ஒப்பிடும். வித்தியாசம் தெரிஞ்சா சிவப்பு. ஒரு துண்ட மட்டும் பார்த்தா பிழை வாறது குறைவு. இவ்வளவையும் பார்க்கக்குள்ள சிலது சும்மாவும் சிவக்கும். உங்கட தலையை வச்சாலும் சிவக்கும்."

எனக்குப் பிடிபடவில்லை. கண்ணகைக்குப் பிடிபட்டுவிட்டது.

"தலையாட்டி மாதிரி," என்றாள்.

ராணுவத்தின் சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையாக நடத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவன் ஜீப்பில் இருந்து பார்ப்பான். அவன் தலையாட்டினால், போராளி இயக்கத்து ஆள் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். அத்தனை முகம் போனால் ஒன்றும் அறியாதவனுக்கும் ஒரு தலையாட்டல் விழும். எனக்கு விழுந்தது.

"இவருக்கு அப்ப சைக்கிளுக்குக் காத்தடிக்கவும் தெரியாது டொக்டர்," என்றாள் கண்ணகை. "இவரச் சேர்த்திருந்தா இயக்கந்தான் பாவம்."

டொக்டர் சிரித்துவிட்டார். "மறுகா எப்பிடி விட்டாங்க?"

"அடுத்த நாள் வேற தலையாட்டி. அவன் ஆட்டல்ல."

"நாங்களும் அப்பிடித்தான் அக்கா, திரும்பவும் பார்த்தம். எத்தனை இடம் பார்க்கிறமோ, அதுக்கேத்த மாதிரி, எவ்வளவு வித்தியாசமிருந்தா சிவக்கலாம் எண்ட விதியை இறுக்கினம். ஆறு இடம் அழிஞ்சிற்று."

திரையைத் திருப்பினார். இடது காதுக்கு நேரே ஒரு சிவப்பு மட்டும் நின்றது.

எனக்கு வேறு பயம் வந்தது. "இறுக்கினதில உண்மையானதும் அழிஞ்சிருந்தா?"

"அழியலாம் அண்ணன். அதாலதான் முந்தித் தலையில வயர் பூட்டி எடுத்த பதிவையும் பார்த்தன். அதுவும் இந்த ஒரு இடத்தையே காட்டுது. வேறெங்கயும் இல்ல. ஒப்பரேசனுக்கு நான் எழுதுறன்."

கண்ணகை தன் காதுக்கு மேலே மெல்லத் தடவிப் பார்த்தாள்.

திரும்பும்போது, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்தோம். அவள் என்னைக் கேட்காமல் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க. ஒண்டுதான் மிச்சம்."

"அதையும் எடுக்கிற வரைக்கும் பிடிக்கிறன்."

"பிடிங்க, பிடிங்க," என்றாள். குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டாள்.