எர்த் குழிக்கு ஒரு குடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மூன்றே வரியாகத்தான். தாம்பரத்திலிருந்து பீச் போகும் ரயிலில், என் முதுகுப் பக்கத்துப் பெஞ்சில், ஒரு எலெக்ட்ரீஷியன் கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “குழிக்குத் தண்ணி ஊத்தலியான்னு கேட்டேன். மறந்துட்டேன்னுது டீச்சரு. மறக்கிற ஆளா அது?”

சைதாப்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார். திரும்பிப் பார்ப்பதற்குள் முதுகுதான் தெரிந்தது. எனக்கு எல்லாக் கதையும் இப்படித்தான். முதலில் பேச்சு கேட்கும், முகம் பிறகு வந்தால் உண்டு.

2

முதல் தொடக்கம்: ‘1973, மே மாதம். கிழக்குத் தாம்பரத்தில் அனல் பறந்த ஒரு’

வேண்டாம். வெயிலை எல்லோரும் எழுதியாயிற்று.

இரண்டாவது: யூனிஸ் டீச்சர் ரிட்டையராகி இரண்டு வருஷம். சொந்த வீடு, தனி ஆள். நாக்பூரில் ரயில்வேயில் இருக்கும் அக்கா மகன் சாலமோன், பார்சலில் ஒரு ரூம் கூலர் அனுப்பினான். அடியில் சக்கரம் வைத்த தகரப் பெட்டி. மூன்று பக்கமும் வெட்டிவேர்த் தட்டி. உள்ளே ஒரு ஃபேன், தட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு குட்டி மோட்டார். கூடவே கடிதம்: ‘சித்தி, இனிமேல் கோடை உங்களை ஒன்றும் செய்யாது. இந்த வருஷமும் வர முடியவில்லை.’

மாட்ட வந்தவர் பீர்க்கன்கரணை ஜெயவேலு. ஐம்பது வயது, காதில் பென்சில்.

“இன்னா டீச்சர், ஜன்னலெல்லாம் சாத்திகினு கீறீங்க?”

“குளிர்ச்சி வெளியே போயிடாதா?”

“இது ஏசி இல்ல டீச்சர். வெளிக்காத்த உள்ள இஸ்துகினு வரும். எதிர் ஜன்னல தொறந்து வுடலேன்னா வூட்டுக்குள்ள நீங்க புழுங்கலரிசி ஆயிடுவீங்க.”

பின்பக்கம் எர்த்துக்குக் குழி தோண்டி, குழாயை நட்டு, கரியும் உப்பும் கொட்டி மூடினார். அதிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுவந்து மூன்று பின் பிளக்கோடு சேர்த்தார்.

“தகரப் பொட்டி, உள்ள தண்ணி, பக்கத்துலயே கரண்ட்டு. எங்கனா கசிஞ்சா இந்தக் கம்பி வழியா மண்ணுக்குப் பூடும். மண்ணு ஈரமா இருந்தாதான் இஸ்துக்கும். தெனம் குழிக்கு ஒரு குடம் ஊத்துங்க. பொட்டியில தண்ணி ரொப்பச்சொல்லோ பிளக்கப் புடுங்கிடுங்க. குழி காஞ்சுதுன்னா ஷாக்கு உங்களுக்குத்தான். அப்பறம் நான்தான் ஓடியாரணும்.”

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

3

(முதலில் யூனிஸைத் தமிழ் டீச்சர் ஆக்கியிருந்தேன். கரண்ட் சங்கதி தெரியாதவள், ஊற்றாமல் விட்டுவிட்டாள் என்று தப்பித்துக்கொள்ளலாம். பிறகு கிணறு வற்றிவிட்டது என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் முப்பத்திரண்டு வருஷம் சயின்ஸ் எடுத்தவள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. ரோஜாச் செடிக்குத் தினமும் ஊற்றினாள். குழியைத் தாண்டிப் போய்த்தான் ஊற்றினாள்.)

பதினாறாம் நாள் பெட்டியைத் தொட்டபோது விரல் நுனியில் சுர்ரென்றது. ஜெயவேலு வழக்கமாக வந்துபோகும் சைக்கிள் கடையில் சொல்லி அனுப்பினாள். ஜெயவேலு வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், மோட்டாரைச் சோதித்தார், பின்பக்கம் போய்க் குழியைப் பார்த்தார்.

“குழிக்குத் தண்ணி ஊத்தலியா?”

“மறந்துட்டேன் ஜெயவேலு.”

“பசங்க இப்பிடிச் சொல்லியிருந்தா முட்டி போட வெச்சிருப்பீங்களே!”

“உங்களை யாரும் முட்டி போடச் சொல்லலை. உட்காருங்க, சர்பத் கொண்டு வர்றேன்.”

ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அவர் மனைவி பச்சையம்மாவின் ஆடு ரேஷன் கார்டைத் தின்றதையும், ஆபீசில் சாட்சிக்கு அந்த ஆட்டையே கூட்டிப்போனதையும் சொன்னார். டீச்சர் சிரித்தாள். அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியபோது யாரோ என்று நிமிர்ந்து பார்த்தாள்.

கிளம்பும்போது அவரே ஒரு குடம் ஊற்றிவிட்டு வந்தார்.

“மோட்டார் கசியுது. புதுசு வாங்கினு சனிக்கிழமை வரேன். அதுவரிக்கும் பிளக்கச் சொருகாதீங்க, குழிக்கு ஊத்துங்க. சத்தியமா?”

“நாங்க சத்தியம் பண்றதில்லை. வேதத்துல கூடாதுன்னு இருக்கு.”

“அப்போ இன்னா பண்ணுவீங்க?”

“சரின்னு சொல்லுவோம். சொன்னா சொன்னதுதான்.”

“சொல்லுங்க.”

“சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?”

4

சனிக்கிழமை அவர் வரவில்லை.*

* சிறுசேரியில் மச்சான் வீட்டுக் காதுகுத்து. திங்கட்கிழமை வருவதாகச் சைக்கிள் கடையில் சொல்லிவிட்டுத்தான் போனார். கடைக்காரர் மறந்துபோனார். நிஜமாகவே மறந்துபோனார். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும்; டீச்சருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நான்கு பேர், கூலர் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். நன்றாக இருக்கிறது என்றாள்.

இப்போது மணி மூன்று. ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிய ஈரக் கையோடு கூலர் முன்னால் நிற்கிறாள். இடது கை தகரத்தின் மேல். வலது கையில் பிளக். குழிக்கு இந்த வாரம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. சின்னதாக ஒரு சுர். அது போதும், சொல்லி அனுப்பலாம். சின்னதாக வா என்று கரண்ட்டிடம் சொல்லிவைக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்; பாடமே நடத்தியிருக்கிறாள்.

5

முடிவு ஒன்று: பிளக்கைச் சொருகிய

எழுத மாட்டேன்.

முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்து ஜெயவேலு கேட்டைத் திறந்து

எப்படி வருவார்? சிறுசேரிக்கு அனுப்பியதே நான்தானே.

முடிவு மூன்று: ஊர் முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் போன கரண்ட் திரும்பி வரும். அப்போதும் அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பாள்.

பேச்சு கேட்டால்தான் எனக்கு எழுத வரும். அந்த வீட்டில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. நான் கூப்பிடலாம் என்றால், என் குரல் இத்தனை பக்கமாக அவளுக்குள்ளேயே இருக்கிறது. அவளுக்கு அது ஆள் வந்ததாக ஆகாது. நீங்கள் வெளியாள். கேட்டின் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கும், கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும். காரணம் வேண்டுமானால் ரோஜாப் பதியன் கேளுங்கள். குடம் கிணற்றடியில்தான் இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ‘டீச்சர்’ என்று ஒரு தடவை கூப்பிடுங்கள்.

பிளக் பிடித்த கை அப்படியே நிற்கிறது.

“யாரு?”