பின் சீட்டுல அம்மா

இல்லங்க, பின் சீட்ட கழட்டினது தப்பே இல்ல. அம்மா காப்பி கொண்டாற நேரத்துல கழட்டினது தான் தப்பு.

"ஏண்டி ஜாஸ்லின், சீட்டு எதுக்கு வெளிய கெடக்கு?"

"தூசி தட்டம்மா."

"தூசி தட்ட கார்பெட் எதுக்கு உரிச்சு வெச்சிருக்கான் இவன்?"

இவன்னா பிரேம்குமார். பாண்டி முத்தியால்பேட்டைல எங்க தெருக்கோடில மெக்கானிக் பட்டறை வெச்சிருக்கான், ஒன்னாங்கிளாஸ்லேர்ந்து என் கூட்டாளி. பொய் சொல்ல சுத்தமா வராது. "கார்பெட் கனம் ஆன்ட்டி, ட்ராக்குல வேகம் போவாது"ன்னு உண்மைய கக்கிட்டான்.

அம்மா ரெண்டு டம்ளர் கொண்டாந்தாங்க. ரெண்டயும் திருப்பி எடுத்துட்டு உள்ள போய்ட்டாங்க. எங்க வீட்ல அதுக்கு சண்டைன்னு அர்த்தம்.

எனக்கு பெரிய ரேஸ்காரி ஆவணும்னுலாம் ஆசை இல்ல. மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல ரேஸ் ட்ராக் இருக்குல்ல, அத ஒரு நாள் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தொறந்து விடுவாங்க, ட்ராக் டேன்னு. சொந்த காரு, சொந்த ஹெல்மெட். எதுர்ல மாடு வராது, ராங் சைடுல ஸ்கூட்டி வராது, அவ்ளோ தான். ரெண்டு வருசமா பேரு குடுத்து குடுத்து இப்ப தான் எடம் கெடச்சுது. நவம்பர் ரெண்டாவது ஞாயிறு. வர்ற செவ்வாக்கெழமைக்குள்ள காரு நம்பர் அனுப்பணும். அனுப்பிட்டா மாத்த முடியாது. அனுப்பலன்னா அந்த எடம் அடுத்த ஆளுக்கு.

எந்த காருன்றது தான் கேள்வி. ஸ்போர்ட்ஸ் காருன்னா ரெண்டு கதவு, தரையோட ஒட்டினாப்ல இருக்கணும், தெரியும். நம்ம கைக்கு எட்டுற பழைய வண்டில அப்டி எதுவும் சிக்காது. அதான் பழைய ஹோண்டா சிட்டி விடெக் தேடினேன். பாக்க கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கும். ஆக்ஸிலேட்டர நல்லா மிதிச்சா வாத்தியாரு வேட்டிய மடிச்சு கட்டுவாரு.

ஆனா பாண்டில நல்லதா ஒன்னு கெடைக்கணுமே! கடல் காத்துல எல்லாம் துரு. மேல பளபளன்னு இருக்கும், அடில படுத்து ஸ்க்ரூடிரைவரால குத்தினா அப்பளம். நான் இன்சூரன்ஸ் சர்வேயர் ஆபீஸ்ல வேல பாக்குறேன், இடிபட்ட வண்டிய பாத்து ரிப்போர்ட் எழுதுற வேல. அதனால ரோட்ல படுக்க எனக்கு வெக்கமே கெடையாது. பதினோரு காரு பாத்தேன். பதினொன்னும் அப்பளம்.

பன்னெண்டாவது முசியே பிரான்சுவாவோடது. பிரெஞ்சு பட்டாளத்துல சிப்பாயா இருந்து ரிட்டையர் ஆன சொல்தா, அதான் அவர முசியேன்னு மரியாதையா கூப்புடுவோம். மாசா மாசம் காருக்கு அடில நல்ல தண்ணி அடிச்சு, காய வெச்சு, எண்ணெ தடவுவாரு. நான் அடில போய் தட்டினேன். டங்குன்னு கோயில் மணி மாதிரி சத்தம். அங்கயே படுத்துக்கினு அழுதுடலாம் போல இருந்துச்சு.

ஆனா அவரு யாருக்கும் சும்மா விக்க மாட்டாரு. இன்டர்வியூ வெப்பாரு. மூலக்குளத்து ஆரோன் போய் "எவ்ளோ ஸ்பீடு போவும் முசியே?"ன்னு கேட்டானாம், மூஞ்சி முன்னாடியே கதவ சாத்திட்டாராம். நான் அந்த தப்ப பண்ணல. வேற தப்பு பண்ணேன்.

"எதுக்கு வேணும் காரு?"

"அம்மாவ ஞாயித்துக்கெழம பூசைக்கு கூட்டிட்டு போவ, முசியே."

மனுசன் அப்டியே உருகிட்டாரு. "அம்மா எங்க?"

"வீட்ல."

"கூட்டிட்டு வா."

எங்க அம்மா ஸ்டெல்லாமேரிய கூட்டிட்டு போனேன். போற வழில ஒன்னே ஒன்னு தான் சொன்னேன், "பூசைக்கு போவ காருன்னு சொல்லிருக்கேன், நீ தலைய மட்டும் ஆட்டு." அம்மா என்னா பண்ணாங்க தெரியுமா? போனாங்க, பின் கதவ தொறந்தாங்க, உக்காந்தாங்க. எறங்கவே இல்ல.

"முட்டி வலிங்க முசியே. ஆட்டோல ஏற முடியல. பஸ்ஸு கேக்கவே வேணாம். கோயிலுக்கு போயி மூணு மாசம் ஆவுது. எம்பொண்ணு எனக்குன்னு காரு பாக்குறா." சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும் கலங்கிடுச்சு, யப்பா என்னா நடிப்புடா சாமின்னு.

முசியே சாவிய குடுத்தாரு. பேப்பர குடுக்கல. "நாலு ஞாயிறு. மதாம் இந்த கார்ல கோயிலுக்கு வர்றத நான் பாக்கணும். அப்பறம் பேரு மாத்த கையெழுத்து." ட்ராக்காரங்க ஆர்சி நம்ம பேர்ல இருக்கணும்னு கேக்குறாங்க. சோ, நாலு ஞாயிறு.

பிரேம் அதுக்கு ஒரு வழி சொன்னான். திங்கக்கெழம அவன் பட்டறைல பின் சீட்ட கழட்டி வேலய ஆரம்பிக்கிறது, சனிக்கெழம சாயங்காலம் திருப்பி மாட்றது. ஆறு நாள் ரேஸ் காரு, ஒரு நாள் குடும்ப காரு.

மொத ஞாயிறு அம்மா மட்டும். ரெண்டாவது ஞாயிறு பக்கத்து வீட்டு ஜூலி அத்தையும் ஏறிட்டாங்க. மூணாவது ஞாயிறு மாதா சபைலேர்ந்து செல்வாம்பாள் அத்தையும். அதோட விட்டாங்களா, சீட்டு மேல போட அம்மா கையாலயே ஒரு லேஸ் விரிப்பு பின்னிட்டாங்க. பூ டிசைன் வேற. ஒவ்வொரு திங்கக்கெழமயும் பிரேம் அத மடிச்சு நெஞ்சுல வெச்சுக்கினு நிப்பான். "பாவம்டி"ம்பான். "ஸ்பேனர எட்றா"ம்பேன்.

நாலாவது ஞாயிறு தான் சாமி சோதிச்சுது. அதுக்கு மொத நா பட்டறைல கரண்டு இல்ல, போல்ட்ட பிரேம் எங்கயோ வெச்சுட்டான். "சீட்ட சும்மா வெச்சிருக்கேன். புது பிரேக் போட்டுருக்கேன், அத மட்டும் வேகமா அமுக்கிடாத"ன்னு சொன்னான். நானும் மெதுவா தாங்க போனேன். கோயில் வாசல்ல ஒரு நாயி குறுக்க வந்துச்சு. அமுக்கினேன்.

காரு நின்னுச்சு. சீட்டு நிக்கல. மூணு பேரும் சீட்டோட சேந்து முன்னாடி வந்தாங்க. ஜூலி அத்தையோட ஜெபமாலை வந்து கியர்ல மாட்டிக்கிச்சு. வெள்ள பேன்ட்டு போட்டுக்கினு படில நின்ன முசியே நேரா வந்து பின் கதவ தொறந்தாரு. உள்ள மூணு பேரும் முட்டி தாடைல இடிக்க குந்திக்கினு இருக்காங்க.

"என்ன இது?"

அம்மா தான் சொன்னாங்க. "இன்னிக்கு பூசை நீளம் முசியே. முட்டி போட்டு பழகிக்கினு இருக்கோம்."

முசியே சீட்ட பாத்தாரு. போல்ட்டு இல்லாத ஓட்டைய பாத்தாரு. என்ன பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பூசை முடிஞ்சதும் பையிலேர்ந்து பேப்பர எடுத்து பானெட்டு மேல வெச்சு கையெழுத்து போட்டாரு. "பிரேக் நல்லா புடிக்குது"ன்னு மட்டும் சொன்னாரு. ஓர்வுவார்னு பிரெஞ்சுல போய்ட்டு வரேன் கூட சொல்லல, போய்ட்டாரு.

கையெழுத்து வந்துட்ட தைரியத்துல தான் மறுநாளே வீட்டு ஷெட்டுல வெச்சு சீட்ட கழட்டினோம். அப்ப தான் அந்த காப்பி.

சாயங்காலம் பேச்ச நானே ஆரம்பிச்சேன். "ம்மா, முசியேகிட்ட நீ நடிச்சல்ல, அதுக்கு நான் தேங்க்ஸே சொல்லல."

"யாரு நடிச்சா? எனக்கு முட்டி வலிக்குதா இல்லயா?"

"வலிக்குது."

"மூணு மாசமா கோயிலுக்கு போனனா?"

"இல்ல."

"அப்ப பொய் சொன்னது நீ. நான் சொன்னதெல்லாம் நெசம்."

பதினோரு காருக்கு அடில படுத்து ஒவ்வொரு ஓட்டையா எண்ணின எனக்கு, வீட்ல இருக்குற முட்டி தெரியல.

அம்மா அதோட விடல. "நவம்பர் ரெண்டாவது ஞாயிறு நாங்க மூணு பேரும் வேளாங்கண்ணி போறோம். இந்த கார்ல. ஓட்டப்போறது நீ. சபைல சொல்லியாச்சு. சீட்டு உள்ள இல்லன்னா நேரா முசியே வீட்டு வாசல்ல போய் உக்காந்துக்குவேன்."

ட்ராக் டே இருக்குற அதே ஞாயிறு! வருசத்துல அம்பத்திரண்டு ஞாயிறு இருக்கு. அம்மாகிட்ட ட்ராக் டேய சொல்லியும் பாத்தேன், அசையல.

பிரேம் ரெண்டு நாள் ஆளயே காணும். மூணாவது நாள் வந்து, "வீராம்பட்டினம் வா, கேள்வி கேக்காத"ன்னான். சிட்டில சீட்ட திருப்பி மாட்டிக்கினு கெளம்பினேன். அம்மாவும் சண்டைய பாதில விட மனசில்லாம பின்னாடியே ஏறிட்டாங்க.

அங்க மீன் புடிக்கிற ஃபைபர் போட்டுக்கு ஒட்டு போடுற இராமதாஸ் அண்ணன் பட்டறை. நாலு போட்டுக்கு நடுவுல தார்ப்பாய் மூடி ஒன்னு இருந்துச்சு. பிரேம் இழுத்தான். சான் ஸ்டார்ம். கோவால கொஞ்ச காலம் செஞ்ச குட்டி காரு, ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு, துணி கூரை. நெசமான ஸ்போர்ட்ஸ் காரு! உடம்பு மொத்தமும் ஃபைபர், துருவே புடிக்காது. எப்பவோ ஒரு ஓட்டல்காரரு போட்டு வேலைக்கு பதிலா குடுத்துட்டு போனதாம், பேப்பர் அண்ணன் பேர்லயே இருக்கு. டிரைவர் சீட்ல ஒரு கோழி அடை காத்துக்கினு இருந்துச்சு.

அடில படுத்தேன், வேற என்னா பண்ணுவேன். ஃபைபருக்கு கீழ சட்டம் இரும்பு தானே? முன்னாடி நல்லா இருக்கு. பின்னாடி ஒரு எடத்துல அப்பளம். என்ஜினுக்கு ஸ்பேனர் போட்டு சுத்தினோம், சுத்துது. ஓடுமான்னு யாருக்கும் தெரியாது.

"முன்னாடி பம்பர் பாதி இல்லயேண்ணே?"ன்னேன்.

"ஃபைபர் தானேம்மா? கடல்ல அலை அடிச்சே தாங்குது, உன் மைதானத்துல இன்னா சுனாமியா வருது? இங்கயே வெச்சு கட்டிக்க, ஒட்டு நான் போடுறேன். எனக்கு எடம் காலியானா போதும். கதவுல என் போட்டு பேர எழுதணும், கன்னியம்மாள்னு. கோழிக்கு வேற கூடு நீயே செஞ்சு குடு. பேப்பர எடு, எங்க கையெழுத்து?" இன்டர்வியூவே இல்ல!

திரும்பி பாக்குறேன், அம்மா பக்கத்து சீட்ல உக்காந்துட்டாங்க. அம்மா கார்ல உக்காந்தா என்னா ஆவும்னு தான் தெரியுமே.

"காத்தோட்டமா இருக்குடி. ட்ராக்குல பக்கத்துல ஆளு உக்காரலாமா?"

பொய் சொல்லிருக்கலாம். சொன்ன பொய்யே போதும்னு, "ஹெல்மெட் போட்டா உக்காரலாம்"னேன்.

"அப்ப வேளாங்கண்ணிக்கு மொத வாரமே போய்டலாம், சிட்டில. சபைல நான் பேசிக்கிறேன். ஞாயிறு இதுல ரெண்டு ரவுண்டு நான் வரேன்." கோழி அம்மாவ மொறச்சுது. அம்மா கோழிய மொறச்சாங்க.

இப்ப இப்டி நிக்குது. சிட்டி நாளைக்கே ட்ராக்குல எறங்கும், மணி மாதிரி இருக்கு. ஆனா சீட்ட கழட்டணும், அம்மா முசியே வாசல்ல போய் உக்காருவாங்க, லேஸ் விரிப்ப பாக்கும்போதெல்லாம் பிரேம் அழுவான். ஸ்டார்ம்னா சண்டை இல்ல, ஆனா ஒம்போது வாரத்துல என்ஜின், பிரேக்கு, சட்டம், கோழிக்கூடு எல்லாம் முடியணும். முடியலன்னா ரெண்டு வருசமா காத்திருந்த எடம் போச்சு. முடிஞ்சா பக்கத்து சீட்ல அம்மா, கொண்டைக்கு மேல ஹெல்மெட், ஒவ்வொரு திருப்பத்துலயும் "மெதுவா போடி, நாயி வரும்."

ரெண்டு நம்பரும் ஃபோன்ல டைப் பண்ணி வெச்சிருக்கேன். கட்டவெரலு ஸ்டார்ம் பக்கமே போவுது, ஒம்போது வாரம் பத்தாதுடின்னு பிரேம் என் கைய புடிச்சுக்கினு இருக்கான். செவ்வாக்கெழமைக்கு இன்னும் ரெண்டு நாள் தான். சொல்லுங்க, நீங்களா இருந்தா எந்த நம்பர அனுப்புவீங்க?