கீழறை வால்வு

கிட்டத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குளிரைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். கேட்டு முடித்தால் நெஞ்சு கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் தங்கை விஷாகாவின் பிரசவத்துக்கு உதவப் பவானியிலிருந்து வந்தவள் தாமரைச்செல்வி. தாயில்லாத தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். தனக்கென்று கல்யாணம், குடும்பம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தங்கை பெற்ற பெண்ணைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

அவளுக்குக் கீழறையைக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் பாய்லரில் காயும் வெந்நீர்தான் குழாய் வழியே ஓடி அறைகளைச் சூடாக்கும். மாடிக்கு ஒரு குழாய், கீழறைக்கு ஒரு குழாய். இரண்டிலும் மோட்டார் வைத்த வால்வு. சூடு தேவைப்பட்டால் மோட்டார் வால்வைத் திறந்துவிட வேண்டும். கீழறை வால்வு திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை விஷாகாவின் கணவன் நஞ்சுண்டன் யூட்யூபைப் பார்த்துக்கொண்டே கீழறைக்கு வெளியே இருந்த பாய்லர் முன் குந்தினான்.

"இந்தப் பக்கம் பைப் கொதிக்குது, அந்தப் பக்கம் ஐஸ். வால்வு ஸ்டக் ஆயிடுச்சு."

"பிளம்பரைக் கூப்பிடுங்களேன்," என்றாள் விஷாகா.

"சாட்டர்டே எவன் வருவான்? உங்கக்கா வந்ததுல இருந்து வீட்ல ஏதாவது ஒண்ணு."

கீழறைக் கதவுக்குப் பின்னாலிருந்த தாமரையின் காதில் அது விழுந்தது.

ஸ்க்ரூட்ரைவர் பிடியால் மோட்டாரைத் தட்டினான். உர்ரென்றது. கீழறைக்குள் போய், அந்த வெந்நீர் ஓடும் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தால் விஷயம் முடிந்தது. ஆனால் மனைவியின் அக்கா படுக்கும் அறைக்குள் கால் வைக்க அவனுக்குக் கூச்சம். வெளியே நின்றே குரல் கொடுத்தான்.

"அண்ணி, சூடு வருதா?"

தாமரை ஹீட்டரில் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. தங்கை வாழ்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் குறை சொல்வது?

"நல்லா வருதுங்க மாப்ளே! கொதிக்குது!"

"பாத்தியா? இதுக்குப் போய் பிளம்பராம்!"

மத்தியானம் விஷாகா குழந்தையை ஏந்தி வந்தாள். "இந்தாக்கா, உம் பொண்ணை இனிமே நீயே பக்கத்துல போட்டுக்க. ரூம்தான் சூடாயிடுச்சே."

தாமரை வாசலை மறித்து நின்றாள். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். சொல்லாமல் வாங்கிக்கொண்டால் பச்சைப்பிள்ளை விறைத்துப் போகும்.

"வேண்டாங்கண்ணு. பிள்ளையோட முழிச்சுக் கெடக்க என்னால ஆவாது. இடுப்பு ஒடியுது."

"அப்ப எதுக்குக்கா இவ்வளவு தூரம் வந்தே? ரசம் வெக்கவா?"

அதன்பிறகு குழந்தை கீழே வரவில்லை. தாமரை ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுப் படுத்து, விசா முடிந்ததும் விமானம் ஏறிவிட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் வீடியோ காலில் விஷாகா சொன்னாள்: "அத்தை வந்திருக்காங்கக்கா. அவங்க வர்றதுக்கு முன்னாடியே இவரு பிளம்பரைக் கூப்பிட்டுக் கீழ் ரூம் வால்வை மாத்திட்டாரு. அது ரொம்ப நாளாத் தொறக்கவே இல்லைன்னு அந்தாளு சொல்றான். நீ இருந்தப்ப குளிருச்சாக்கா?"

அவளுக்குப் பின்னால், அதே கீழறையில், நஞ்சுண்டனின் அம்மாவை ஒட்டிக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கெங்கடி குளிருச்சு? நல்லாத்தான் இருந்துச்சு."

விஷாகா அதற்கு மேல் கேட்கவில்லை. அக்கா அன்றைக்குக் குழந்தையை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்லட்டும், சாமிகளா. சொன்னால் யார் முகமும் சுருங்காதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் பிரியமானவர்கள் பக்கத்தில் கதகதப்பாகத் தூங்கட்டும்.