கதவு சாத்திக்கொள்ளும் அறைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் அண்ணியிடமிருந்து சுட்ட கதை. அவர் கட்டடக் கலைஞர். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் புதிய நூலகம் வரைந்துகொண்டிருந்தார்.

கண்ணாடியில் காலை வெயில் பட்டு...

(இப்படித்தான் தொடங்கினேன். "அது மேற்குப் பார்த்த சுவர், காலை வெயிலே வராது" என்றார் அண்ணி. விட்டுவிட்டேன்.)

2

நடுக்கூடத்தில் நான்கு மாடி உயரத்துக்குப் புத்தகச் சுவர் வரைந்திருந்தார். கூட்டத்தில் படத்தைப் பார்த்துத் துணைவேந்தர் சொக்கிப்போனார். நூலகர் மட்டும் படத்தின் மேல்மாடியை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

(அவரை முதலில் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழும் சிடுமூஞ்சியாக எழுதினேன். வசதியான பாத்திரம். ஆனால் பொய்.)

கூட்டம் கலைந்ததும் நூலகர் அண்ணியிடம் கேட்டார்: "நாலாவது மாடியில இருக்கிற புத்தகத்தை யாரும்மா எடுப்பாங்க?"

"அது சும்மா பார்க்கிறதுக்கு சார்."

"பாதிக்கு மேல கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. ஒரு நாள் எங்க பழைய நூலகத்துல வந்து உக்காருங்க. அப்புறம் வரைங்க."

3

போய் உட்கார்ந்தார். ஒரே ஒரு பிளக் பாயின்ட்டைச் சுற்றித் தரையில் ஏழு பேர். மாடிப்படிக்கு அடியில் ஒரு மாணவி, கவிழ்த்த வாளிமேல் லேப்டாப்பை வைத்து, வேலைக்கான நேர்காணலில் இருந்தாள். தலைக்கு மேல் தடதடவென்று ஆட்கள் இறங்கினார்கள்.

"மன்னிக்கணும், இன்னொரு தடவை கேக்குறீங்களா?"

மூன்றாம் முறையும் அவள் அதையே கேட்டாள். அண்ணி விடுவிடுவென்று மேலே ஏறிப் படிக்குக் குறுக்கே நின்றுகொண்டார். இருபது நிமிடம். வந்தவர்களையெல்லாம் "லிஃப்ட்ல போங்க" என்று திருப்பி அனுப்பினார். லிஃப்ட் பழுதாகி ஒரு மாதமாயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

அண்ணியின் கண்கள் கலங்கி...

("நான் ஒண்ணும் அழலை. கால்தான் வலிச்சுது.")

4

புத்தகச் சுவர் போயிற்று. புத்தகங்கள் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கின. அந்த இடத்தில் கதவு சாத்திக்கொள்ளும் பன்னிரண்டு சின்ன அறைகள் வந்தன. துணைவேந்தர் புதிய படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல போட்டோ எடுக்க என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். உள்ள ஆள் இருப்பாங்க. கதவு சாத்தியிருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். மூன்று வாரம் ஆகிறது. இது கைநழுவினால் அண்ணியின் இரண்டு வருட உழைப்பு வீண்.

5

துணைவேந்தர் சம்மதித்ததாக ஒரு முடிவு எழுதினேன். வேறு கட்டடக் கலைஞரைப் பிடித்ததாக இன்னொன்று. இரண்டையும் அண்ணி ஒதுக்கி வைத்துவிட்டு, பென்சிலும் கையுமாகக் குனிந்திருக்கிறார். மூலையில் இன்னும் இரண்டு அறைக்கு இடம் இருக்கிறதாம்.

இதோ, அவருடைய செல்போன் அடிக்கிறது. துணைவேந்தர்தான்.

"கை வேலையா இருக்கேன். நீ எடுத்துப் பேசேன்" என்கிறார் நிமிராமலே.

எனக்குத் தைரியமில்லை. நீங்கள் எடுங்கள்.