பகையாளி வசம் பாதிச் சாவி

சாவியைக் காக்க இரண்டு ஆள் வேண்டும் என்று வந்தபோது, ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்காத இரண்டு பேராகப் பார்த்துப் பொறுக்கினார் எங்கள் சங்கத்துச் செயலாளர் அம்மா. ஒருவன் நான், மின்சாமான் கடை. மற்றவன் டைல்ஸ் கடைக்காரன். அவனை நான் டைல்ஸ் என்பேன். அவன் என்னைப் பல்பு என்பான். அதற்கு மேல் எங்களுக்குள் மரியாதை கிடையாது.

“சிநேகிதங்ககிட்ட கொடுத்தா, ஒருநாள் ஒருத்தருக்குக் காய்ச்சல் வரும். ரகசிய நம்பரை மத்தவர்கிட்ட சொல்லிட்டுப் போர்த்திப் படுத்துக்குவார். நீங்க ரெண்டு பேரும் செத்தாலும் சொல்ல மாட்டீங்க” என்றார் அம்மா. பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இணையத்தில் ஒரு கடையின் பக்கத்தைத் திறந்தால், இது அந்தக் கடையேதான், எவனும் வேஷம் கட்டி நிற்கவில்லை என்று சொல்ல ஒரு சான்றிதழ் வேண்டும். பெரிய கம்பெனிகளிடம் போய்க் கைகட்டி நிற்பானேன் என்று கடைக்காரர்கள், டாக்டர்கள், பள்ளிக்கூடத்தார் எல்லாம் சேர்ந்து இந்தச் சங்கத்தை வைத்து, எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொள்கிறோம். ஆளை நேரில் பார்த்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உறுப்பினருக்கு உறுப்பினரே ஜாமீன் நிற்பார். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு மூலச் சாவி. இரும்புச் சாவி அல்ல, நீளமான ஓர் எண். இணையத்தின் வாடையே படாத ஒரு கணினிக்குள், ஜன்னல் இல்லாத அறையில் கிடக்கிறது. அது எவன் கையிலாவது சிக்கினால், அவன் எங்களில் யாராகவும் வேஷம் போடலாம். அதை எழுப்ப எங்கள் இருவரின் அட்டையும், இருவரின் ரகசிய எண்ணும் ஒன்றாக வேண்டும்.

அன்றைக்கு அதை எழுப்பியே ஆகவேண்டும். அன்றாடச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் கிளைச் சாவியின் ஆயுள் அன்றோடு முடிகிறது. மூலச் சாவியால் புதிய கிளைச் சாவிக்குக் கையெழுத்து விழாவிட்டால், மறுநாள் காலை எல்லார் கடைப் பக்கத்திலும் ‘நம்பத் தகாதது’ என்று சிவப்பில் எழுந்து நிற்கும். நம்பத் தகாதவன் என்று டைல்ஸ் கடைக்கு எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கடைக்கும் சேர்த்தல்லவா எழுதுவான்!

அறைக்குள் நாங்கள் இருவர், மேற்பார்வைக்கு அம்மா, முக்காலியில் ஒரு கேமரா. அதன் ஒயர் மட்டும் தனியாக வெளியே போகும். உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் இருந்த இடத்திலிருந்தே நேரலையில் பார்ப்பார்கள்.

கணினி இருந்த முத்திரைப் பையை டைல்ஸ் தூக்கிக் காட்டினான்.

“கிழியல. நல்லா பாத்துக்க பல்பு. அப்புறம் நான்தான் கிழிச்சேன்னு சொல்லுவ.”

“பை கிழியலதான். உன்னைப் பத்தி எந்த உத்தரவாதமும் இல்லை.”

“ஒயர் சுருள்ல அஞ்சு மீட்டர் முழுங்கறவன் உத்தரவாதம் பேசறான்.”

“உன் டைல்ஸை விடவா? தண்ணியில போட்டா மிதக்குதாமே.”

“உறுதிமொழி வாசிங்க” என்றார் அம்மா, கேமராவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒவ்வொரு தடவையும் வாசிப்போம். எனக்கு வாய் இனிக்கும் வாசகம் அது. எழுந்து, தொண்டையைச் செருமி, ஒவ்வொரு சொல்லையும் மென்று வாசித்தேன்: “என்னோடு இந்த அறையில் இருக்கும் மற்ற சாவிக்காரர் எனக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர். அவரோடு எனக்குக் கூட்டு வியாபாரமும் இல்லை.”

அடுத்து அவன். எழுந்தான். தாளைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

“எழுத்துக்கூட்டணுமா?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “அம்மா, இதை நான் வாசிக்க முடியாது. என் பையனும் இவரோட பொண்ணும் போன வாரம் ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க.”

‘இவரோட’ என்றான். அத்தனை வருஷத்தில் அவன் என்னை ‘இவர்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. முதலில் காதில் விழுந்தது அதுதான். மீதி பிறகுதான் உறைத்தது.

எனக்கு ஒரே மகள். வேறு ஊரில் வேலை. இந்தப் பையன் விஷயம் காதில் விழுந்தபோது, “அந்த வீட்டு வாசல்ல கால் வெச்சா இந்த வீட்டுக்கு வராதே” என்று ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்திருந்தேன். வியாபாரத்தில் கடைசி விலை சொன்ன மாதிரி. எதிராளி பேசாமல் எழுந்து போய்விட்டால், விலை படிந்தது என்று நினைத்துக்கொள்கிற முட்டாள் நான்.

“யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“கேட்டிருந்தா?”

“முடியாதுன்னிருப்பேன்.”

“அதான் கேட்கல.”

“அப்போ வாயை மூடிட்டு வாசிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே! சதுர அடிக் கணக்குல பொய் விக்கறவன்தானே நீ?”

“கடையில விப்பேன்யா. இங்க வித்தா நாளைக்கு எவனாவது தோண்டி எடுப்பான். கையெழுத்தே செல்லாதும்பான். ஊர்ல இருக்கிற அத்தனை கடையும் நாறிடும்.”

அம்மா தாளைக் கீழே வைத்தார். “ரெண்டு பேரும் நிறுத்துங்க. மின்கடைக்காரரே, உங்களை ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். இவர் சொல்றது நிஜமா? நிஜம்னா உங்கள்ல ஒருத்தர் விலகணும். மாற்று சாவிக்காரங்க ரெண்டு பேர் அவங்கவங்க அட்டை, நம்பரோட வெளியே உட்கார்ந்திருக்காங்க. பொய்னா, வேலையைக் கெடுக்கறதுக்காகப் பொய் சொன்னார்னு இவரை இப்பவே நீக்கணும்.”

பாருங்கள், தட்டில் வைத்து நீட்டுகிறார். ‘பொய்’ என்று ஒரே ஒரு சொல். வர்த்தகர் சங்கத் தேர்தலில் என்னைக் கவிழ்த்தவன், என் கணக்குப்பிள்ளையை இழுத்துப் போனவன், அத்தனை பேர் பார்க்க அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான். ரிஜிஸ்டர் பண்ணிய காகிதம் அவன் சட்டைப்பையில் இல்லை. கைப்பேசியைத்தான் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்களே. நானோ பத்திரிகையும் பார்க்கவில்லை, பந்தியிலும் உட்காரவில்லை. எனக்குத் தெரியாது என்று சத்தியமே செய்யலாம்.

வாயைத் திறந்தேன்.

“அவ பாத்துட்டிருக்கா” என்றான் டைல்ஸ், கேமராவை நோக்கித் தாடையை ஆட்டி. “அப்பா என்ன சொல்றார்னு பாக்கறேன்னா. நான் வேண்டாம்மான்னேன்.”

கேமராவில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. நான் விற்கிற விளக்குகளிலேயே மலிவான ரகம். அதைப் பார்த்து ‘பொய்’ என்று சொல்ல வேண்டும். அவன் தொலைவான். அவளும்தான்.

“சொல்லுங்க” என்றார் அம்மா.

“இவன் திருடன்” என்றேன்.

“அதைக் கேட்கல.”

“இவன் குடும்பமே திருட்டுக் குடும்பம்.”

“அதையும் கேட்கல.”

“நிஜம்தான் போங்க! சம்பந்தியாம் சம்பந்தி! தலையெழுத்து!”

அம்மா தாளில் குறித்துக்கொண்டு, “சரி, யார் விலகறீங்க?” என்றார்.

“இவன்தான்” என்றோம் இருவரும்.

“பொண்ணையும் கொடுத்துட்டு சாவியையும் நான் கொடுக்கணுமா? எந்த ஊர் நியாயம் இது?”

“நீ எங்கய்யா கொடுத்த? அவளா வந்தா.”

அதற்காகக் கொஞ்சம் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று விளங்கியது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே இவனைக் காவல் காக்கத்தான். இவன் போய்விட்டால் அங்கே எனக்கு என்ன வேலை? நான் போய் இவன் இருந்தாலோ, எனக்குத் தூக்கம் வராது.

“ரெண்டு பேரும் போறோம். அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க” என்று அட்டையை மேஜைமேல் வைத்தேன். டைல்ஸ் என்னை முறைத்தான். பேரத்தில் எங்கோ ஏமாந்துவிட்டோம், எங்கே என்றுதான் தெரியவில்லை என்கிற முறைப்பு. பிறகு அவனும் வைத்தான்.

வெளியே உட்கார்ந்திருந்த மருந்துக்கடை அக்காவும் லாரி ஆபீஸ்காரரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. நடைவழியில் ஒரே ஒரு பெஞ்சு. இந்த முனையில் நான், அந்த முனையில் அவன்.

“வீடு எங்க எடுத்திருக்காங்க?”

“உன் பொண்ணைக் கேளு.”

“உன்னைத்தான்யா கேட்கறேன்.”

சொன்னான். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை.

“ஒயரிங் யாரு?”

ஒரு காண்டிராக்டர் பெயரைச் சொன்னான்.

“அவனா? மழை பெஞ்சா சுவரெல்லாம் ஷாக் அடிக்குமேய்யா! புள்ளைங்களைக் குடிவைக்கிற லட்சணமா இது?”

“வக்கணையாப் பேசறல்ல? வந்து மாத்திக் கொடு.”

“தரை உன் டைல்ஸா?”

“பின்னே?”

“அப்போ இன்னைக்கே போகணும். யாராவது வழுக்கி விழறதுக்குள்ள.”

அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். நானும் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா கதவைத் தட்டி, கேமராவில் எல்லாம் கேட்கிறது என்றார்.