மைனாவின் எண்ணெய்க் கறை

மதியச் சாப்பாட்டுக்கு வந்த இளம்பரிதி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா வாசன இது? ஆஸ்பத்திரியில வெளக்கெண்ணய கொட்டின மாதிரி?"

கூடத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி சிவசங்கரி. மடியில் பால்சா என்ற லேசான கட்டையில் செய்த ஒரு விமானம். அதன் மூக்கிலிருந்து இறக்கை வரை ஈரம் ஏறிக் கறுத்திருந்தது.

"டேங்க் ஒழுகிடுச்சுங்க," என்றாள். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பொம்மை விமானத்துக்காக அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

விமானத்தின் பெயர் மைனா. கல்லூரி என்சிசியின் விமானப் பிரிவில் இருந்தபோது அவளும் தோழி நிர்மலாவும் சேர்ந்து செய்தது. நடுவில் ஒருத்தி நின்று இரண்டு கம்பிகளைக் கைப்பிடியில் பிடித்துக்கொள்ள, அது அவளைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். மாலை நேரங்களில் மைதானத்தில் இருவர் உடம்பிலும் எஞ்சினுக்கு ஊற்றும் ஈதரும் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் மணக்கும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். அதில் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு பெருமை!

தாம்பரத்தில் நடந்த போட்டியோடு எல்லாம் முடிந்தது. ஏழு நிமிடம் பறக்க வேண்டிய மைனா நாலாவது நிமிடத்தில் எஞ்சின் நின்று இறங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்திருந்தவள் சங்கரி. எரிபொருளை அளந்து ஊற்றியவள் நிர்மலா. "ஒழுங்கா ஊத்துனியாடி நீ?" என்று அத்தனை பேர் எதிரில் சங்கரி கத்தினாள். நிர்மலா எரிபொருள் ஊற்றிய சிரிஞ்சைக் கீழே வைத்தாள். பேச்சு நிற்கவில்லை, ஆனால் அதன்பின் அவள் மைனாவைத் தொடவே இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கடல் கடந்து போனாள்.

போன மாதம் திடீரென்று செய்தி அனுப்பியிருந்தாள்: 'ரெண்டு வாரம் லீவுல வர்றேன். மைனா இருக்கா?'

அந்தக் கேள்விதான் சங்கரியைப் பரண் ஏற வைத்தது. எஞ்சினைக் கழுவி, காலையில் டேங்க் நிறைய ஊற்றி வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் டேங்க் காலி. மொத்தத்தையும் கட்டை குடித்திருந்தது. நகம் பட்டாலே பள்ளம் விழுந்தது.

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவளுக்கு எண்ணெயை எடுக்கத் தெரியாதா? ஊறிப்போன காகித உறையை உரித்தாள். அசிட்டோன் தொட்டுத் துடைத்து, சோளமாவைத் தூவி, மகளின் ஹேர் டிரையரால் சூடு காட்டினாள். மாவு எண்ணெயை இழுத்துக்கொண்டு மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி தூவினாள். நாலு நாள் இதே வேலை.

ஐந்தாம் நாள் டேங்க் உட்காரும் குழியைத் துடைத்தபோது கை நின்றது. புது ஈரமெல்லாம் போன இடத்தில் இன்னொரு கறை தெரிந்தது. பழுப்பாக, பிசின் மாதிரி இறுகிப்போன பழைய கறை. அசிட்டோனுக்கும் லேசில் அசையவில்லை.

டேங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்கத்து இணைப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதைச் சுற்றியும் அதே பிசின். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே ஒழுகியிருக்கிறது. கசிந்த விளக்கெண்ணெய் காய்ந்து ஓட்டையை அடைத்துக்கொண்டு இத்தனை வருடம் கிடந்திருக்கிறது. புது ஈதர் அதைக் கரைத்துத் திறந்துவிட்டது. போட்டிக்கு முதல் நாள் மாட்டிய டேங்க் அது. அதற்கு ஈயம் பற்ற வைத்தவள் நிர்மலா இல்லை, சங்கரியேதான்.

தேறாத கட்டையை வெட்டி எறிந்து, சென்னையிலிருந்து வரவழைத்த புதுக் கட்டையை ஒட்டுப்போட்டாள். பால் பவுடர் டப்பாவை வெட்டிப் புது டேங்க் செய்து, தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தாள். பழைய டேங்கைத் தூக்கி எறியவில்லை.

நிர்மலா வந்து உட்கார்ந்ததுமே அதை அவள் கையில் வைத்தாள்.

"இன்னாடி இது?"

"தாம்பரத்துல தப்பு உன்னுது இல்ல நிம்மி. டேங்க்தான் ஒழுகியிருக்கு. நான் பத்த வெச்ச எடம்."

நிர்மலா ஜன்னல் பக்கம் திரும்பி ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சிரிஞ்சில காத்து பூந்துடுச்சோ, ஒரு தடவ ஊத்த மறந்துட்டனோன்னு எத்தன வாட்டி நெனச்சிருப்பேன் தெரியுமா? நீ சொன்னதால நான்தான்னு நம்பிட்டேன்டி."

சங்கரி நிர்மலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, மொதல்ல காபி போடு," என்றாள் நிர்மலா.

ஞாயிறு காலை கருவடிக்குப்பத்தில் ஒரு பள்ளி மைதானத்துக்கு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனார்கள். கைப்பிடியைச் சங்கரி நீட்டினாள்.

"நீ பிடி."

"நானா? முப்பது வருஷம் ஆச்சுடி!"

"பிடின்றேன்ல."

சங்கரி புரொபெல்லரை விரலால் சுண்டினாள். பதினெட்டாவது முறை சுண்டியபோது எஞ்சின் சீறியது. அந்த வாசனை முகத்தில் அடித்தபோது நிர்மலா கண்ணை மூடித் திறந்தாள். மைனா ஓடி எழும்பியது. ஒட்டுப்போட்டதில் மூக்கு கனத்து, பழைய மாதிரி லாகவம் இல்லை. ஆனாலும் பறந்தது. நிர்மலா நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு, "அய்யோ, இழுக்குதுடி, இழுக்குது!" என்று கத்தினாள்.

எரிபொருள் தீர்ந்ததும் தாழ்ந்து வந்து புல்லில் மூக்கு குத்தியது. புரொபெல்லர் இரண்டாக உடைந்தது. தலைசுற்றிய நிர்மலா அப்படியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். சேலையெல்லாம் எண்ணெய்த் துளிகள்.

"புரொபெல்லர் எங்கடி கெடைக்கும் இப்போ?" என்றாள் மூச்சு வாங்க. "இன்னும் ஒம்பது நாள் இருக்கே எனக்கு."