அசையாமல் நாற்பது நிமிடம்

அரையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை ராஜையனால் அவிழ்க்க முடியவில்லை. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் மலையாளிப் பெண் ரெஷ்மா அதைக் கத்தரியால் வெட்டினாள். கயிற்றோடு வந்த செம்புத் தாயத்தை மோதிரம், வாட்ச் இருந்த பையில் போட்டு, வெளியே அவர் மனைவி எலிசாளிடம் கொடுத்தாள்.

"மெஷின் பக்கம் மெட்டல் ஒண்ணும் பாடில்ல, கூடாது, ஆன்ட்டி. வச்சுக்கோங்க."

எலிசாள் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ராஜையன் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவர். கிறிஸ்தவ சபையில் மூப்பர். நான்கு மாதமாக மூத்திரம் சொட்டுச் சொட்டாகத்தான் போயிற்று. புராஸ்டேட்டில் இருப்பது வெறும் வீக்கமா, புற்றா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் ரெஷ்மா வந்தாள்.

"அங்கிள் பயந்து அசையுறார். படம் எல்லாம் கலங்கிப் போகுது. நீங்க மைக்கில ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

எலிசாள் மைக்கின் முன் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால், இயந்திரக் குழாய்க்கு வெளியே அவருடைய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"எலிசா, என்ன வெளிய எடுக்கச் சொல்லு. மூச்சு முட்டுகு."

"தாயத்து எங்கிட்ட இருக்கு."

கால்கள் அசைவதை நிறுத்தின.

"யாரு கெட்டினா?" என்றாள் எலிசாள்.

"பாறசாலைல ஒரு வைத்தியன். மூத்திரம் போகும்னு சொன்னான்."

"போச்சா?"

"இல்ல."

"நம்ம பிரிஸில்லாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தப்போ எங்கம்மை ஒண்ணு கெட்டினா. பிசாசுக்க வேலைன்னு பிடுங்கி அடுப்புல போட்டீங்க. ஆறு வயசுப் பிள்ள. நாலாம் நாளு அடக்கம் பண்ணினோம்."

"எலிசா..."

"அசையாதீங்க. படம் கலங்கும்."

இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. அது நின்றபோதெல்லாம் எலிசாள் பேசினாள். பிள்ளையைக் கொடுத்தேன், விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று முப்பது வருஷம் அவர் சபையில் சாட்சி சொன்னதை, ஒவ்வொரு முறையும் அவளை எழுந்து நிற்க வைத்ததை. குரல் உயரவில்லை.

கூப்பிடுவதற்காகக் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அவர் அமுக்கினார். மணி அடித்தது. மைக்கை அணைக்க ரெஷ்மா கை நீட்டினாள். திரையைப் பார்த்தாள். படங்கள் தெளிவாக விழுந்துகொண்டிருந்தன. கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்போ கழியும், முடிஞ்சிடும், அங்கிளே," என்றாள் மைக்கில்.

டாக்டர் வந்து திரையைப் பார்த்தார். "கேன்சர் ஒண்ணும் காணல்ல. நல்ல பெரிய வீக்கம், அவ்வளவுதான். மருந்து மதி, ஆபரேஷன் வேண்டாம். இன்னும் இருபது வருஷம் இருப்பார்."

படுக்கை வெளியே வந்தது. ராஜையனின் காதோரம் நனைந்திருந்தது. பச்சை உடுப்பின் கீழும் நனைந்திருந்தது.

"கேன்சராட்டி, எலிசா?"

"இல்ல. இருபது வருஷம் இருப்பீங்களாம்." எலிசாள் துண்டை நீட்டினாள். "தொடச்சிட்டு வாங்க. மிச்சத்த வீட்டுல போய்ப் பேசலாம்."